நோட்டில் தமிழ் சரி, கைப்பேசியில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மொரிசியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் இருக்கிறது என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. பொங்கல் வந்தால் ஒரு தரம், சித்திரை பிறந்தால் ஒரு தரம். சிதம்பரத்தில் என்னோடு படித்த சிநேகிதிகள் அதை மொரிசியஸில் வாழும் எனக்கே அனுப்புகிறார்கள், நான் அந்த நோட்டைக் கண்ணால் கண்டிராதவள் போல! செய்தி உண்மைதான். எங்கள் நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் முகமே ஒரு தமிழருடையது: ரங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், கல்வி அமைச்சராக இருந்து 1958இல் காலமானவர். ஆனால் தொகையைத் தமிழில் சொல்லும் அந்த வரி நோட்டில் எப்படித் தங்கியது என்பதை யாரும் சேர்த்து அனுப்புவதில்லை. இப்போது அது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதையும்தான்.

1998 நவம்பரில் எங்கள் மத்திய வங்கி புதிய நோட்டுகளை வெளியிட்டது. அதுவரை ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசை ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று மாறியிருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் இங்கே வந்துவிட்டார்கள்; கரும்புத் தோட்டங்களுக்கு, பெரும்பாலும் வட இந்தியர்களான ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது அதற்கு வெகு காலம் கழித்து. அப்படியிருக்க ஏன் இந்த மாற்றம் என்று தமிழர்கள் கிளம்பினார்கள். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அப்போது வேறு பேச்சே இல்லை. "ஒரு வரி மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன?" என்று கேட்ட தமிழர்களும் உண்டு. அந்த வட இந்தியர்களின் வழிவந்த, போஜ்பூரி பேசும் அண்டை வீட்டாரோடு எனக்கு அன்றும் மனத்தாங்கல் இல்லை, இன்றும் இல்லை. இருந்தாலும் கேட்காமல் கை வைத்தது தப்பு என்றுதான் நான் நினைத்தேன். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசையிலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். அன்று பிரதமராக இருந்த நவீன் ராம்கூலம்தான் 2024 நவம்பரில் மறுபடி பிரதமரானார். ஆட்கள் மாறவில்லை, காலம்தான் மாறிவிட்டது.

ஏனென்றால் இப்போது நோட்டை யார் எடுக்கிறார்கள்? எங்கள் ஊர் கத்ர் போர்ன் சந்தையில் கொத்தமல்லிக் கட்டு விற்கிறவரிடம்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. தோல்பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) வாங்கப் போனால் எனக்கு முன்னால் நிற்கும் பையன் கைப்பேசியை நீட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். உங்கள் ஊரில் "ஜிபே பண்ணு" என்பது போல இங்கே "ஜூஸ் பண்ணு" என்பார்கள்; அது ஒரு வங்கிச் செயலியின் பெயர், குடிக்கிற ஜூஸ் அல்ல. எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. சில்லறை தேட வேண்டாம், கைப்பையைத் துழாவ வேண்டாம். ஆனால் நான் வைத்திருக்கும் செயலியில் தமிழில் ஒரு எழுத்து கிடையாது. இந்தியும் கிடையாது. வரிசைச் சண்டைக்கே வழியில்லாமல் போய்விட்டது!

உடனே ஒரு கேள்வி வரும், என் மகனே கேட்டான்: "அம்மா, இங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?" நியாயமான கேள்விதான். வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. பிள்ளைகள் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள், தேர்வு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அந்த ஒரு வரி எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆரம்பப் பள்ளியில் எண்ணுப் பெயர்கள் நடத்தும்போது பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு நோட்டை எடுத்துக் காட்டுவேன். கோயிலுக்கு வெளியே, பள்ளிக்கு வெளியே, அந்தப் பிள்ளைகள் கையில் தமிழ் எழுத்து தினமும் வந்து போனது அது ஒன்றில்தான். எழுத்துக் கூட்டி "நூறு" என்று படித்ததும், மிட்டாய் வாங்கும் காசில் இது இருக்கிறதா என்று வாய் பிளப்பார்கள். இனி வரும் தமிழாசிரியைகள் எதை எடுத்துக் காட்டுவார்கள், க்யூஆர் கட்டத்தையா?

தொழில்நுட்பம் இடம் கொடுக்காது என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக்கு வந்திருந்தபோது ஒரு டீக்கடையில் பணம் அனுப்பினேன் (அனுப்பியது சிநேகிதி, அவள் கைப்பேசியில்). கல்லாப்பெட்டி மேலிருந்த சின்னப் பெட்டி, வந்த தொகையைத் தமிழில் சத்தமாகச் சொன்னது. கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இன்னொரு டீ கேட்டேன், அதை மறுபடி கேட்கத்தான். பீம் செயலியில் தமிழைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. அதே இந்தியாவின் யுபிஐ 2024 பிப்ரவரி 12 அன்று எங்கள் நாட்டுக்கும் வந்தது. இரண்டு பிரதமர்களும் காணொலியில் தொடங்கிவைத்தார்கள். இந்தியச் சுற்றுலாப் பயணி இங்கே கடையில் தன் கைப்பேசியிலேயே பணம் கட்டலாம். அவர் கைப்பேசியில் தமிழ் இருக்கும், அதே கடையில் நிற்கும் என் கைப்பேசியில் இருக்காது.

செயலி முழுவதையும் தமிழாக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் எங்கள் ஆட்களே பாதி வழியில் மாட்டிக்கொண்டு வங்கிக்கு ஓடுவார்கள். நோட்டில் இருப்பது போல, பணம் போய்ச் சேர்ந்ததும் திரையில் வரும் தொகையை எழுத்தால் மூன்று மொழியிலும் காட்டினால் போதும். நோட்டு அச்சிடுவது மத்திய வங்கி, செயலி தனியார் வங்கியுடையது என்று பதில் வரும். அந்தத் தனியார் வங்கிகளுக்கு விதி போடுவதும் அதே மத்திய வங்கிதானே?

அதற்குள் நாமாகச் செய்யக்கூடியதும் இருக்கிறது. நான் போகும் கோயிலில் உண்டியல் பக்கத்தில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். மேலே ஆங்கிலம், கீழே பிரெஞ்சு. முருகன் சன்னதியில்! அங்கே தமிழில் ஒரு வரி சேர்க்க எந்த வங்கியின் அனுமதியும் வேண்டாம் என்று நிர்வாகக் குழுவிடம் சொன்னேன். தீபாவளிக்குள் செய்துவிடுகிறோம் என்றார்கள். எந்த ஆண்டுத் தீபாவளி என்று அடுத்த வெள்ளிக்கிழமை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கத்ர் போர்ன், மொரிசியஸ்