விடயம்: பற்றுச்சீட்டில் பி550 மதர்போட், பெட்டிக்குள் பி450

கோண்டாவில், யாழ்ப்பாணம்
2025 ஜூலை 5

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். ஜூன் 12ஆம் திகதி உங்கள் இணையத்தளத்தில் ஓடர் செய்து, 2 லட்சத்து 64 ஆயிரம் ரூபாயை அன்றைக்கே வங்கியில் போட்டு, 18ஆம் திகதி கூரியரில் வந்து சேர்ந்த கணினிப் பாகங்கள் பற்றித்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் ஐந்து தடவை கதைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை நீங்கள் பார்த்ததற்கான நீல அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசியுங்கள்.

நான் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறவள். வீட்டிலிருந்தே செய்யும் தொழில். இதுவரை ஒரு பழைய லப்டொப்தான். ட்ரோனில் எடுத்த 4கே துண்டு நாலைந்தை ஒன்றாகப் போட்டால் போதும், அது மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். முடிந்த வீடியோவை உருவாக்கி எடுக்க இரவு ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்து, விடிய எழும்பிப் பார்த்தால் 60 வீதத்தில் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வருகிற சனம் விசேஷத்தை முடித்துக்கொண்டு இரண்டு மூன்று கிழமையில் திரும்பிவிடும், போவதற்குள் வீடியோ கையில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு வருடமாகச் சேர்த்த காசில் ஒரு நல்ல மெஷினை நானே பூட்டுவது என்று முடிவெடுத்தேன்.

உங்கள் ஆட்கள் என்னோடு கதைக்கும்போது, ஏதோ யாரோ சொன்னதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஓடர் செய்தவள் மாதிரியே கதைக்கிறார்கள். இரண்டு மாதம் ஒரு கொப்பியில் விலை எழுதி, அடித்து, திரும்ப எழுதித் தெரிவு செய்த பட்டியல் அது. பிரொசசர் ஏஎம்டி ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட், கூடவே கூலரும் வரும், என்னுடைய காசுக்கு அதற்கு மேல் போகத் தேவையில்லை. அதற்குள் கிராபிக்ஸ் இல்லை என்பது தெரிந்துதான் ஆர்எக்ஸ் 6600 விஜிஏ காட் சேர்த்தேன். (எடிட்டிங்குக்கு என்விடியாதான் நல்லது என்று நாலு பேர் சொன்னார்கள். சொன்னவர்கள் காசு தரவில்லை.) ராம் 16 ஜிபி இரண்டு, ஒரே 32 ஆக வேண்டாம், இரண்டு சனலிலும் ஓட வேண்டும் என்று குறிப்பிலேயே எழுதியிருந்தேன். அதைச் சரியாகவே அனுப்பியிருந்தீர்கள், நன்றி. பிரொசசரையும் விஜிஏ காட்டையும் குமிழிப் பிளாஸ்டிக்கில் நன்றாகச் சுற்றித்தான் அனுப்பியிருந்தீர்கள், அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, எல்லாப் பாகத்தையும் பூட்டுகிற மதர்போட்டிலும் அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையிலும்.

நான் தெரிவு செய்தது ஒரு பி550 மதர்போட், 42,500 ரூபாய். பி450 அதைவிட மலிவு என்பது எனக்கும் தெரியும், உங்கள் தளத்திலேயே 29,000 ரூபாய்க்குக் கிடந்தது. அப்படியிருந்தும் கூடக் காசு கொடுத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, பிசிஐஇ 4, பாகங்களுக்கிடையில் தரவு ஓடுகிற வேகமான பாதை. வீடியோக்களைச் சேமிக்கிற எனது எஸ்எஸ்டி நொடிக்கு 5000 மெகாபைட் வாசிக்கக்கூடியது, அதை பி450இல் போட்டால் 3500க்குப் பக்கத்தில் நின்றுவிடும். இதுகூடப் பரவாயில்லை, வேலையில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். இரண்டாவதுதான் முக்கியம். நான் தெரிவு செய்த போட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. பிரொசசர் இல்லாமலே, யூஎஸ்பி பென் ஒன்றைக் குத்தி, போட்டைத் தொடக்கிவைக்கிற பயோஸ் என்ற மென்பொருளைப் புதுப்பிக்கலாம். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய விசயமில்லை, பம்பலப்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனால் யாராவது வேறு பிரொசசர் போட்டுப் பார்த்துத் தருவார்கள். நாங்கள் இருப்பது 400 கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம்.

18ஆம் திகதி பார்சல் வந்தது. பெட்டியிலேயே பி450 என்று போட்டிருந்தது. சீலை உடைக்கவில்லை. அப்படியே படம் எடுத்து அனுப்பிவிட்டு உங்களுக்கு அழைத்தேன். எடுத்தவர் முதலில் கேட்டது, "வீட்டில அண்ணா யாரும் இல்லையா தங்கச்சி?" இல்லை, நானேதான் என்றேன். "பி550 ஸ்டொக் முடிஞ்சுது, ரெண்டும் ஏஎம்4 தான், ஒரே சொக்கெட், பிரச்சினை இல்லை, போடுங்கோ" என்றார். நான் விடாமல், இந்தப் பிரொசசரை இது எடுக்குமா, பயோஸ் புதியதா என்று வாட்ஸ்அப்பிலும் கேட்டேன். "எடுக்கும் எடுக்கும், பயப்படாமல் போடுங்கோ" என்று குரல் பதிவு வந்தது. 11 செக்கன். இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிரொசசரைப் பூட்டுகிற சொக்கெட் இரண்டிலும் ஒன்று என்பது உண்மைதான். பனங்கிழங்கும் மரவள்ளியும்கூட இரண்டும் கிழங்குதான். மரவள்ளியைக் காயவைத்து இடித்து ஒடியல் பிட்டு அவித்துப் பாருங்கள்.

பி450 வந்தது 2018இல். ரைசன் 5000 வரிசை வந்தது 2020 நவம்பரில், அதிலும் எனது 5600 வந்தது 2022 ஏப்ரலில். பி450 போட்டுகளுக்கு 5000 வரிசையைக் கொடுப்பதில்லை என்றுதான் ஏஎம்டி முதலில் சொன்னது. வாங்கியவர்கள் சத்தம் போட்ட பிறகு 2020 மே மாதத்தில் இறங்கி வந்து, புதிய பயோஸ் போட்டால் எடுக்கும்படி செய்தார்கள். ஆகவே எடுக்கும், பயோஸ் புதுப்பித்திருந்தால் மட்டும். பழைய பயோஸோடு கிடக்கிற போட்டுக்கு இந்தப் பிரொசசர் யார் என்றே தெரியாது. கணினிப் பாகம் விற்கிற கடைக்கு இதை நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று இரவே பூட்டினேன். காற்றாடி சுழன்றது, லைட் எரிந்தது, திரையில் ஒன்றுமில்லை. இரண்டு நாள் நான் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ராமைக் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டேன், சின்னப் பற்றரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்துப் போட்டேன், பிரொசசரின் பின் ஏதும் வளைந்துவிட்டதோ என்று டோர்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்த்தேன், பக்கத்து வீட்டு மாமாவின் மொனிற்றரை வாங்கிக் குத்திப் பார்த்தேன். "உதைக் கடையில குடுத்துப் பூட்டியிருக்கலாமே" என்று அம்மா நாளுக்கு நாலு தரம் சொன்னா. மூன்றாம் நாள் கேசிங்கோடு மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு சின்னத் திருத்தும் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெடியன் ஒரு பழைய ரைசன் 3 2200ஜியைப் போட்டான். படம் வந்தது. பயோஸ் திகதி 2019.

2019! என்னுடைய பிரொசசர் கடைக்கு வருவதற்கு மூன்று வருடத்துக்கு முந்திய பயோஸ். அப்படியென்றால் அந்தப் போட் உங்கள் களஞ்சியத்தில் எவ்வளவு காலம் தூங்கியது என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பெடியன் புதுப்பித்துத் தந்தான், 3,500 ரூபாய். நான் தெரிவு செய்த போட்டை அனுப்பியிருந்தால் பொத்தானை அமத்திவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வீட்டிலேயே முடிந்திருக்கும்.

இனிப் பவர் சப்ளை. நான் 18,500 ரூபாய் கொடுத்து ஓடர் செய்தது 550 வாட், கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரோன்ஸ் சான்று, ஐந்து வருட வாரண்டி. பார்சலில் அது இல்லவே இல்லை. கேட்டால், "கேசிங்கோட ஒண்டு வருதுதானே தங்கச்சி, காசைத் திருப்பிப் போடுறம்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை. என்னிடம் கேட்காமல் இதை எடுத்துவிட யார் முடிவு செய்தது?

கேசிங்கோடு வந்ததில் 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 18 அம்பியர். பெருக்கினால் 216 வாட். பிரொசசர் உச்சத்தில் 76 வாட் எடுக்கும், ஆர்எக்ஸ் 6600 132 வாட், கூட்டினால் 208. மிஞ்சும் 8 வாட்டில் காற்றாடியும் சுழன்று மதர்போட்டும் ஓட வேண்டும். அதுவும் அந்த 18 அம்பியர் உண்மையாக இருந்தால்தான். விஜிஏ காட்டுக்கு வேண்டிய 8 பின் வயரும் அதில் கிடையாது. இதைச் சொன்னபோது உங்கள் ஆள் "கன்வெர்ட்டர் ஒண்டு போட்டு ஓடவிடுங்கோ" என்றார். பழைய மொலெக்ஸ் வயரிலிருந்து மாற்றி இழுத்த மின்சாரத்தில் இணைப்பு உருகிப்போன படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஓலைக் கூரை இல்லைத்தான், ஆனாலும் வீடு எங்களுடையது.

எங்கள் ஊரின் கரண்டும் உங்களுக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்க மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு லைட் மங்கிப் பிறகு எழும்பும், ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அதற்காகத்தான் பட்டியலில் வேறு எதில் குறைத்தாலும் பவர் சப்ளையில் குறைக்கவில்லை. கேசிங்கில் வேண்டுமானால் மலிவு போகலாம், அது வெறும் தகரம். கடைசியில் 19,800 ரூபாய் கொடுத்து யாழ்ப்பாணத்திலேயே ஒன்று வாங்கிப் போட்டேன். இப்போது மெஷின் ஓடுகிறது. ஆனால் அந்தப் பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டியிருந்த ஒரு சாமத்திய வீட்டு வீடியோவை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த நட்டத்தை உங்களிடம் கேட்கவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

போட்டை மாற்றித் தாருங்கள் என்று ஜூன் 28ஆம் திகதி கேட்டதற்கு வந்த பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "வெளியாள் கை வைத்த சாமானுக்கு வாரண்டி இல்லை, பயோஸ் மாற்றினதாலும் வாரண்டி போயிற்று." தனித்தனியாகப் பாகம் விற்கிற கடை நீங்கள். வாங்குகிறவர் கை வைக்காமல் அது எப்படிக் கணினியாகும்? அதோடு, நான் கேட்பது வாரண்டியே இல்லை. போட் பழுதாகவில்லை. அது நான் வாங்கிய போட் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய பற்றுச்சீட்டில் இன்றைக்கும் பி550 என்றுதான் இருக்கிறது, 42,500 என்றுதான் இருக்கிறது, அதற்குள் 18 வீதப் பெறுமதி சேர் வரியும் இருக்கிறது. கைக்கு வராத சாமானுக்கு நான் வரியும் கட்டியிருக்கிறேன்.

ஸ்டொக் முடிவது எந்தக் கடையிலும் நடக்கும். அன்றைக்கே ஒரு அழைப்பு எடுத்து, பி550 இல்லை, என்ன செய்வோம் என்று கேட்டிருந்தால் இரண்டு கிழமை காத்திருப்பேன், அல்லது காசை வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்த்திருப்பேன். கேட்காமல் மலிந்ததைப் போட்டு, விலையை மட்டும் மாற்றாமல் விட்டதைத்தான் என்னால் தவறுதலாக நடந்தது என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்கு வேண்டியது இது. நான் ஓடர் செய்த அதே பி550 மதர்போட் வேண்டும். அதை நீங்கள் முதலில் அனுப்புங்கள், வந்து சேர்ந்த பிறகு பி450ஐ உங்கள் கூரியர் செலவில் திருப்பி எடுங்கள். முதலில் நான் அனுப்ப மாட்டேன், தொழில் நின்றுவிடும். பி550 இனி வராது என்றால் விலை வித்தியாசம் 13,500 ரூபாயைத் தாருங்கள், பி450ஐ வைத்துக்கொண்டு சமாளிக்கிறேன். பவர் சப்ளைக்கான 18,500, பயோஸுக்குக் கொடுத்த 3,500, ஆக 22,000 ரூபாய் எப்படியும் வர வேண்டும். நான் வாங்கியதற்கும் உங்கள் விலைக்கும் உள்ள 1,300 ரூபாய் வித்தியாசத்தை விட்டுவிடுகிறேன். அந்த 216 வாட் பெட்டியையும் மறக்காமல் திருப்பி எடுங்கள், எனக்கு அதால் ஒரு பயனும் இல்லை.

ஜூலை 19 வரை பார்ப்பேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் இருக்கிறது, எனக்கு அது செப்டெம்பர் 12 மட்டும். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து எப்படி எழுதுவது என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். பற்றுச்சீட்டு, சீல் உடைக்காத பெட்டியின் படம், பவர் சப்ளை ஸ்டிக்கரின் படம், திருத்திய கடையின் துண்டு, அந்த 11 செக்கன் குரல் பதிவு எல்லாம் இதோடு இணைத்திருக்கிறேன்.

பகலில் எடிட்டிங்கில் இருப்பேன், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அழையுங்கள். அழைக்கிறவர் அண்ணாவைக் கேட்க வேண்டாம், எனக்கு அண்ணா இல்லை.

இப்படிக்கு,
ஜூன் 12 ஓடரின் வாடிக்கையாளர்