யாரும் உட்காராத பீடம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கானாவின் தலைநகர் அக்ராவிலிருந்து நீ கொடுத்தனுப்பிய மர இருக்கை ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. முக்காலி என்று சொல்லலாம் என்றால் அதற்குக் கால் மூன்று இல்லை. தட்டையான அடிப்பலகை, நடுவில் குடைந்து செதுக்கிய தூண், இரு ஓரமும் பிறைபோல் மேலேறிய இருக்கை, அத்தனையும் ஒரே மரக்கட்டையில். ஆகவே வீட்டில் அதை மணை என்றே சொல்கிறோம். வந்த அன்று மாலையே அம்மா அதில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

அடுத்த மாதம் அசாந்தி அரசரின் நகரான குமாசிக்குப் போய் மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்தைப் பார்க்கப்போவதாகச் சொன்னாய். யாரும் உட்காராத ஒரு நாற்காலிக்காக ஒரு போரே நடந்ததாமே என்று கேட்டுச் சிரித்தாய். முப்பது ஆண்டு வரலாறு கற்பித்தவனுக்கு அன்று பதில் வரவில்லை. நான் நடத்திய பாடநூல்களில் ஆப்பிரிக்கா என்பது ஐரோப்பியர் பங்கு போட்டுக்கொண்ட வரைபடம் மட்டும்தான். அந்த வெட்கத்தில் சில வாரங்களாகத் தேடிப் படித்ததை எழுதுகிறேன். நீ போவதற்குமுன் படித்துவிடு.

முதலில் நம் வீட்டு மணையிலிருந்தே தொடங்கலாம். ஒருவர் நாள்தோறும் உட்காரும் மணையில் அவருடைய உயிரின் ஒரு பகுதி ஊறிவிடுகிறது என்பது கானாவில் வாழும் அசாந்தி மக்களின் நம்பிக்கை. அதனால்தான் எழுந்து போகும்போது, அலையும் ஆவி எதுவும் வந்து அமர்ந்துவிடாதபடி, அதை ஒருக்களித்துச் சாய்த்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. நல்ல பெயரோடு இறந்த தலைவரின் மணையைக் கறுப்பாக்கித் தனி அறையில் வைத்து, முன்னோராகவே கருதிப் படையல் இடுகிறார்கள். தலைவரைப் பதவியில் அமர்த்துவதையும் நீக்குவதையும் கானாவின் செய்தித்தாள்கள் இன்றும் மணையேற்றினார்கள், மணையிறக்கினார்கள் என்று பொருள்படும் சொற்களால்தான் எழுதுகின்றன. எங்கள் ஊர்ப் பக்கம் நாற்காலிச் சண்டை என்று கேலியாகச் சொல்வதை அங்கே கேலியாகச் சொல்ல முடியாது.

இத்தனை மணைகளுக்கும் மேலே இருப்பது சிகா துவா கோஃபி, அதாவது வெள்ளிக்கிழமை பிறந்த பொற்பீடம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் குமாசியைச் சுற்றியிருந்த சிறு அரசுகள் டென்கிரா என்ற வலிய அரசுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தன. ஒசேய் டுட்டு என்ற தலைவரும் ஒகொம்ஃபோ அனோச்சே என்ற பூசாரியும் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, 1701-இல் ஃபெயாசே என்ற இடத்தில் டென்கிராவை வென்றார்கள். பூசாரியின் அழைப்பில் பொற்பீடம் வானத்திலிருந்து இறங்கி ஒசேய் டுட்டுவின் மடியில் அமர்ந்தது என்றும், அசாந்தி மக்கள் அனைவரின் ஆன்மா (அவர்கள் மொழியில் 'சுன்சும்') அதற்குள்தான் இருக்கிறது என்றும் மரபு சொல்கிறது. வானத்திலிருந்து வந்ததோ இல்லையோ, அந்தப் பூசாரி செய்த காரியத்தை நான் வியக்கிறேன். தனித்தனி மணையும் தனித்தனி முன்னோரும் கொண்ட பல தலைவர்களுக்கு, யாருடைய பாட்டனுக்கும் சொந்தமில்லாத புது மணை ஒன்றைக் கொடுத்துவிட்டார். அதனால் அதன்முன் பணிவது எவருக்கும் இன்னொருவர் குடும்பத்துக்குப் பணிவதாக ஆகவில்லை.

அதில் அரசரும் உட்காருவதில்லை. முடிசூடும்போது அவரைத் தாங்கிப் பிடித்து, பீடத்தில் உடல் படாமல் அதன்மேல் தாழ்த்தி உயர்த்துவார்கள், அவ்வளவுதான். பீடம் தரையைத் தொடக்கூடாது என்பதால் அதற்கென்று தனி நாற்காலி இருக்கிறது. அரிதாக வெளியே வரும் நாட்களில் அதற்குக் குடை பிடிக்கிறார்கள்.

இதை ஆங்கிலேய ஆளுநர் ஃபிரெடரிக் ஹாட்ஜ்சன் விளங்கிக்கொள்ளவில்லை. 1896-இல் அரசர் முதலாம் பிரெம்பே போரிடாமல் பணிந்தும், அவரைக் கைதுசெய்து கொண்டுபோய்விட்டார்கள். பிறகு செஷல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். 1900 மார்ச் 28 அன்று குமாசியில் தலைவர்களைக் கூட்டிய ஹாட்ஜ்சன், பேரரசியின் சார்பாளனாகிய தான் ஏன் இப்போது பொற்பீடத்தில் அமர்ந்திருக்கவில்லை, அதைக் கொண்டுவந்து தனக்குத் தராமல் சாதாரண நாற்காலியில் உட்கார வைத்திருப்பது ஏன் என்று கேட்டார். தலைவர்கள் பதில் பேசாமல் கலைந்து போனார்கள். தேடிப்பிடிக்க அனுப்பிய படையும் வெறுங்கையோடு திரும்பியது. எஜிசு என்ற ஊரின் அரசித்தாய் யா அசாந்தேவா, பேரனையே நாடுகடத்தலுக்குப் பறிகொடுத்தவர், தயங்கிய ஆண்களை முந்திக்கொண்டு போருக்குத் தலைமை ஏற்றார். குமாசிக் கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கிய ஆளுநர் ஜூன் மாதம் மனைவியோடு தப்பியோட வேண்டியதாயிற்று. முடிவில் அசாந்திகள்தான் தோற்றார்கள்; 1902-இல் நாடு முறைப்படி ஆங்கிலேயர் ஆட்சியோடு இணைக்கப்பட்டது; யா அசாந்தேவா 1921-இல் செஷல்ஸில் இறந்தார். ஆனாலும் பீடம் அகப்படவில்லை. அரசரையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டவர்கள் எதை எடுக்கவில்லையோ, அதுதான் நாடு என்று அசாந்திகள் எண்ணியிருந்தார்கள். நீ கேட்ட போர் இதுதான்.

ஒளித்து வைத்த இடத்தில் சாலை போட்டவர்கள் கையில் 1920-ஐ ஒட்டிப் பொற்பீடம் தற்செயலாகச் சிக்கியது. பொன் அணிகள் சிலவற்றைச் சிலர் கழற்றி விற்றார்கள். ஊரே துக்கம் காத்தது. இம்முறை ஆங்கிலேய அரசு பாடம் கற்றிருந்தது. பீடத்தின்மேல் தனக்கு உரிமை கோரிக்கை இல்லை என்று அறிவித்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு அசாந்திப் பேரரசு ஒரு தர்மராச்சியம் என்று நினைத்துவிடாதே. அதன் செல்வத்தில் தங்கத்தோடு அடிமை வணிகமும் உண்டு. அரசரின் சார்பில் பேசும் ஒச்சியாமே என்பவர் ஏந்தும் கோலின் உச்சியில் பொன்தகடு போர்த்திய சிற்பம் இருக்கும். அதில் ஒரு பழமொழி அடங்கியிருக்கும். சாப்பாட்டின் முன் இருவர் அமர்ந்திருக்கும் சிற்பம் ஒன்று உண்டு. உணவு உரியவனுக்கே, பசித்தவனுக்கு இல்லை என்பது அதன் பொருள். அரியணை யாருக்கு என்பதைத்தான் சொல்கிறார்கள் என்றாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னொரு கோலில் முட்டையைப் பற்றிய கை ஒன்று இருக்கும். அதிகாரம் முட்டையைப் போன்றது. இறுக்கிப் பிடித்தால் உடையும், தளர்த்திப் பிடித்தால் விழும். பிற நாட்டு அரசர்கள் சிங்கத்தையும் கழுகையும் வாளையும் தேடியபோது இவர்கள் முட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். வெறும் பேச்சாகவும் அது நின்றுவிடவில்லை: 1874-இல் ஆங்கிலேயரிடம் தோற்ற அரசர் கோஃபி கரிகரி, முன்னோர் கல்லறை மாளிகையின் தங்கத்தை எடுத்ததற்காக அதே ஆண்டில் மணையிறக்கப்பட்டார்.

அந்த 1874 படையெடுப்பில் ஆங்கிலேயத் தளபதி வுல்ஸ்லியின் படை குமாசியைக் கொளுத்தி, அரண்மனையைக் கொள்ளையடித்தது. மேலும் ஐம்பதாயிரம் அவுன்சு தங்கம் தண்டமாகக் கேட்டது. கொள்ளைப் பொருள்களில் பல லண்டன் அருங்காட்சியகங்களுக்குப் போயின. 150 ஆண்டுகள் கழித்து, 2024-இல், பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியமும் 32 பொருள்களைக் குமாசிக்கு அனுப்பின, மூன்றாண்டு இரவலாக. திருப்பிக் கொடுக்க பிரிட்டனின் 1963, 1983 ஆண்டுகளின் சட்டங்கள் இடந்தரவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸின் ஃபவ்லர் மியூசியம் ஏழு பொருள்களை நிரந்தரமாகவே கொடுத்துவிட்டது. நீ பார்க்கப்போகும் கட்டடமும் சாதாரணமானதில்லை. 1924-இல் நாடு திரும்பிய பிரெம்பேக்காக ஆங்கிலேயர் கட்டியது. விலையைக் கொடுத்த பிறகே அவர் அதில் குடிபுகுந்தார் என்று சொல்வார்கள்.

பொற்பீடத்தை அங்கே தேடாதே. அது காட்சிக்கு வைக்கும் பொருளில்லை. அரசரின் ஆன்மாவைத் தூய்மை செய்யும் பணியாளர்கள் மார்பில் அணிந்த வட்டமான பொன் தகடுகளை நிதானமாகப் பார். முட்டைக் கோல் கண்ணில் பட்டால், விரல்கள் எப்படி மடங்கியிருக்கின்றன என்று கவனித்து எழுது. படத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

நம் மணையை நான் இரவில் சுவரோரம் சாய்த்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன். உன் அம்மா காலையில் கீரைக்கு எடுக்கும்போது, "ஆவிக்குப் பயந்த வாத்தியார்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறாள்.

இன்னொன்று. லண்டனிலிருந்து வந்த பொருள்களின் அருகில் பெயர்ச்சீட்டு இருக்கும். அதில் எந்தச் சொல் போட்டிருக்கிறார்கள் என்று பார்: இரவலா, திரும்பி வந்ததா? அச்சிட்டிருப்பதை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா