படத்தில் இருப்பது வெந்தய வரியன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறையில் வாசகர்கள் எடுத்த படங்களுக்கு நீங்கள் ஒதுக்கியிருந்த பக்கத்தைப் பார்த்தேன். ஒகேனக்கல் என்றால் பரிசலும் மீன் வறுவலும்தான் வரும் என்று நினைத்தால், ஒருவர் பட்டாம்பூச்சியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். சந்தோஷம். ஆனால் கீழே 'வெந்தய வரியன்' என்று பெயர் போட்டிருக்கிறீர்கள். அது டானெய்ட் எக்ஃப்ளை என்ற வேறு பட்டாம்பூச்சி, அதுவும் பெண்.

யார் பார்த்தாலும் ஏமாறக்கூடியதுதான். இரண்டுக்கும் அதே ஆரஞ்சு நிறம், முன்சிறகு முனையில் அதே கருப்பு, அதற்குள் அதே வெள்ளைப் பட்டை. பின்சிறகில்தான் குட்டு வெளிப்படும். வெந்தய வரியனுக்கு அங்கே நடுப்பகுதியில் மூன்று கரும்புள்ளிகள் இருக்கும். ஆணாக இருந்தால் நான்கு. நீங்கள் போட்ட படத்தில் மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி. நல்லவேளை, சிறகை விரித்து உட்கார்ந்திருந்தபோது எடுத்திருக்கிறார்.

இந்த வேஷத்துக்குக் காரணம் எருக்கு. வெந்தய வரியனின் புழு எருக்கிலை தின்று வளர்வது. அந்தப் பாலின் நஞ்சு உடம்பில் தங்கிவிடுவதால், ஒருமுறை வாயில் வைத்த பறவை அடுத்த முறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகிப் போகும். எக்ஃப்ளைக்கு அப்படி எதுவும் கிடையாது. அதன் புழு தின்பது நாம் கடைந்து சாப்பிடும் பருப்புக்கீரையை! அதனால் பெண் மட்டும் வரியன் மாதிரி உடுத்திக்கொண்டு தப்பிக்கிறது. ஆணைப் பார்த்தால் ஒரே இனம் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். கன்னங்கரேல் என்று இருக்கும். அதில் பெரிய வெள்ளைப் பொட்டுகள், பொட்டைச் சுற்றி ஊதா மினுக்கல்.

நானும் ஏமாந்தவன்தான். வீட்டுக் கொல்லையில் எடுத்த ஒரு பட்டாம்பூச்சிப் படத்தை 'காமன் ரோஸ்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போட்டேன். "அது கறிவேப்பிலைச் செடியில முட்டை வச்சிட்டுப் போகுதே, புழுவெல்லாம் கொழுந்தத் தின்னுதே" என்றார் என் மனைவி. அப்புறம்தான் உறைத்தது. காமன் ரோஸ் முட்டையிடுவது ஆடுதின்னாப்பாளை வகைக் கொடிகளில். கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் வருவது காமன் மார்மன்; அதன் பெண்களில் சில ரோஸ் வேஷம் போடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடம்பு முழுக்கக் கருப்பு. ரோஸாக இருந்தால் உடம்பில் சிவப்பு தெரிந்திருக்க வேண்டும். சிறகையே பார்த்துக்கொண்டிருந்தவன் உடம்பைப் பார்க்கவில்லை.

ஆகவே படம் கேட்கும்போது எந்த ஊர், எந்த மாதம், எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது என்பதையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் சிறகின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என இரண்டு படங்கள். காவிரிக்கரையில் ஈர மணலில் மஞ்சள் மஞ்சளாகக் கூட்டம் கூடி உப்பு உறிஞ்சுமே, அந்த கிராஸ் யெல்லோக்களுக்கு அடிப்பக்கம் இல்லாமல் ஆகாது. சிறகை மூடித்தான் உட்காரும். முன்சிறகின் அடிப்பக்கத்தில், உடம்பை ஒட்டிய பகுதியில் இரண்டு சின்னப் புள்ளி என்றால் காமன் கிராஸ் யெல்லோ, மூன்று என்றால் த்ரீ-ஸ்பாட் கிராஸ் யெல்லோ. நின்றபடி மேலேயிருந்து எடுத்தால் மஞ்சள் கோடுதான் விழும். முட்டி நனைந்தாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்து, பக்கவாட்டில் எடுக்க வேண்டும். எடுத்த படத்தில் கலரைக் கூட்டக் கூடாது. நாலு குழு சுற்றிச் சுருங்கி வந்த படமும் வேண்டாம். புள்ளி எது, அழுக்கு எது என்றே தெரியாது.

அப்படியும் தெரியவில்லையா? சரி, 'கிராஸ் யெல்லோ வகை' என்று போட்டுவிடுங்கள். தப்பான பெயருக்கு அது எவ்வளவோ மேல். உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

இன்னொன்று. அதே படத்தின் இடது மூலையில், பாறை மேல், மங்கலாக ஒரு கருப்புப் பூச்சி இருக்கிறது. வெள்ளைப் பொட்டு மாதிரியும் ஏதோ தெரிகிறது. எக்ஃப்ளை ஆணாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். படமெடுத்தவரிடம் அதைத் தனியாக எடுத்த படம் உண்டா என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்