தவணை கேட்டு வாசலில் நிற்காதவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கஜா புயல் அடித்து இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் நன்றி சொல்லத் தோன்றியதா என்று கேட்காதீர்கள். புயலுக்குப் பிறகு வைத்த தென்னை இப்போதுதான் ஒழுங்காகக் காய்க்கிறது. சிங்கப்பூர்த் தம்பிகள் அனுப்பிய பணத்தில் புயல் சமயம் கொடுத்த கடன்களின் கடைசிப் பாக்கியும் அடைந்த பிறகுதான் மடல் எழுதுவது என்று எங்கள் மகளிர் குழுவில் தீர்மானமே போட்டிருந்தோம். போன மாதம் அடைந்துவிட்டது. நான் குழுவை நடத்தும் ஊக்குநர் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் நடந்ததை உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று வரிசையாக உழுதுவிட்டுப் போனது. எங்கள் பேராவூரணிப் பக்கம் தென்னைதான் சம்பளம், தென்னைதான் பென்ஷன். பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் முதல் பெண்ணின் கல்யாணம் வரை தோப்பை நம்பித்தான் பேச்சு எடுப்போம். அந்தத் தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது.

அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று கணக்கிட்டது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். அதைக் குறை சொல்ல வரவில்லை, வாங்கியவர்களுக்கு அது உதவியது. ஆனால் எங்கள் குழுவில் பாதிப் பேருக்குச் சொந்தத் தோப்பு கிடையாது. அடுத்தவர் தோப்பில் காய் பொறுக்குவது, கீற்று முடைவது, மட்டை உரிப்பது, இதுதான் பிழைப்பு. பட்டா இல்லாதவருக்கு மரக் கணக்கில் என்ன வரும்? விழுந்த மட்டையையெல்லாம் முடைந்து கொஞ்ச நாள் ஓட்டினார்கள். அப்புறம் முடைய மட்டை இல்லை.

இதற்கு நடுவில் வாரக் கடன். புயலுக்கு முன்பே பலர் தனியார் நிறுவனங்களில் குழுக் கடன் வாங்கியிருந்தோம். பெயர் வேண்டாம். கூரை பறந்து தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்த வீட்டுக்கும் வசூல் தம்பி வந்து நின்றான். அவனும் பாவம், மேலே இருப்பவன் விரட்டுகிறான். "ஒருத்தர் கட்டலேன்னா மத்தவங்க சேர்ந்து கட்டுங்கக்கா" என்று அவன் சொன்ன அன்று எங்களில் ஒருத்தி மூக்குத்தியைக் கழற்றி அடகுக்குக் கொடுத்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தம்பிகளே, நீங்கள் பணம் சேர்த்து அனுப்பினீர்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் முதலில் சொன்னீர்கள். அப்படிச் செய்திருந்தால் அரிசி பருப்போடு தீர்ந்திருக்கும். ஓய்வு பெற்ற நம் வாத்தியார்தான் போனில் உங்களிடம் மல்லுக்கட்டி, அதைக் குழுவின் பெயரில் சுழல்நிதியாகப் போட வைத்தார். ஐந்தாயிரம், பத்தாயிரம், அதிகம் போனால் பதினைந்தாயிரம். நூற்றுக்கு மாதம் ஐம்பது பைசா வட்டி. திரும்பி வருவது அடுத்த பெண்ணுக்கு.

வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். அதற்குத்தான் அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. "தென்னைக்குக் கடன் கொடுக்காதீங்க. நெட்டைத் தென்னை காய்க்க ஆறு வருஷம் ஆகும், அதுவரைக்கும் எதைக் கட்டுவீங்க? தென்னை வர்ற வரைக்கும் சோறு போடுற தொழிலுக்குக் கொடுங்க." எங்களுக்கு முதலில் கோபம்தான் வந்தது. தோப்பு போனவளிடம் தோப்புக்குக் கடன் இல்லை என்றால் எப்படி இருக்கும்? ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆடும், கோழியும், தென்னம்பிள்ளைக்கு இடையில் போட்ட உளுந்தும் கடலையும்தான் அந்த வருஷங்களில் அடுப்பெரிய வைத்தன.

தவணையையும் அந்தந்தத் தொழிலைப் பார்த்துத்தான் வைத்தோம். உளுந்து போட்டவள் அறுவடைக்குப் பிறகு மொத்தமாகக் கட்டலாம். தையல் மெஷின் வாங்கியவள் அடுத்த மாதமே தொடங்க வேண்டும். ஆடு வாங்கியவளுக்கு ஒரு வருஷம் கழித்துத்தான். ஆடு சினைபிடித்து ஐந்து மாதம் சுமக்க வேண்டும், குட்டி விலைக்கு வர இன்னும் ஆறேழு மாதம் ஆகும். முதல் வாரமே தவணை கட்டு என்றால் ஆட்டை விற்றுத்தான் கட்ட வேண்டும். இது ஆடு மேய்க்கிற எல்லோருக்கும் தெரியும், கடன் கொடுக்கிற ஆபீஸ்களுக்கு மட்டும் ஏனோ தெரிவதில்லை.

ஆட்டு வியாபாரி பாய்க்கு நாங்கள் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறோம். புதுக்கோட்டைச் சந்தைக்குக் கையில் காசோடு போன பெண்களை யாரும் ஏமாற்றிவிடாமல் பார்த்துக்கொண்டவர் அவர். எங்களில் ஒருத்தி பளபளவென்று இருந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்க, பாய் அதன் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். "கெழட்டு ஆடும்மா இது. எண்ணெய் தடவி நிறுத்தியிருக்கான்." அப்புறம் மடியைத் தொட்டுப் பார்த்து, இரண்டாம் ஈத்து (இரண்டாவது முறை குட்டி போடும்) ஆடுகளாகத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். தரகு வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டு, குடற்புழு மருந்து எப்போது கொடுப்பது என்று சுவரில் கரியால் எழுதி வைத்துவிட்டுப் போன கால்நடை டாக்டரம்மாவுக்கும் நன்றி.

வங்கி மேனேஜர் சாரை மறக்க முடியாது. பேரிடர் பாதித்த பகுதியில் கடனை மறுசீரமைத்து, குறைந்தது ஒரு வருஷமாவது தவணையைத் தள்ளிவைக்கப் பரிசீலிக்க வேண்டும் என்று அப்போது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே இருந்தது என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சொன்னதோடு விடாமல், குழுவின் வங்கிக் கடனுக்கு விண்ணப்பத்தை அவரே எழுதி, எங்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். இதை அவர் செய்யாமல் இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டோம், எங்களுக்குத்தான் விஷயமே தெரியாதே.

தென்னை வைத்த கதையையும் சொல்ல வேண்டும். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு, 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் குழி எடுத்தோம். சாய்ந்த மரங்கள் அங்கங்கே மக்கிக் கிடந்ததில் காண்டாமிருக வண்டு பெருகி, தென்னம்பிள்ளைகளின் குருத்தைக் குடைய ஆரம்பித்தது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மட்டை இடுக்கில் போடச் சொன்னார்கள். கொட்டை பொறுக்கி இடித்துக் கொடுத்தது தோப்பில்லாத பெண்கள்தான். அதற்கும் கூலி கிடைத்தது. இதெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று.

2020-இல் கொரோனா ஊரடங்கு வந்து சந்தை மூடியபோது, விலைக்கு வந்த கிடாய்களைக் கட்டி வைத்துத் தீனி போட வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் நீங்களே விடுதி அறையை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்த நேரம். அப்போதும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சந்தை திறக்கட்டும் அக்கா" என்று மட்டும் செய்தி வந்தது. அந்த வருஷம் தவணை கட்டாதவர்கள் எல்லோரும் அடுத்த வருஷம் சொல்லாமலே கட்டினார்கள். ஒரே ஒரு பெண்ணின் பாக்கியை நாங்களே தள்ளுபடி செய்தோம். அவள் காலமாகிவிட்டாள். அவள் மகன் வந்து கட்டுகிறேன் என்றான், வாங்கவில்லை. இதை உங்களிடம் கேட்காமல் செய்தோம், ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறோம்.

மின்கம்பம் நட வந்த வெளி மாவட்ட, கேரள ஊழியர்கள், பள்ளிக்கூடத்தில் சோறு ஆக்கிப் போட்டவர்கள், தார்ப்பாய் கொண்டுவந்த காலேஜ் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போயிருந்தால் சண்டைக்கு வாருங்கள், உரிமை இருக்கிறது.

நிதி இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடைசியாக வாங்கியவள் மல்லிப்பட்டினத்திலிருந்து மீன் எடுத்து ஊர் ஊராக விற்கிற பெண். பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கியிருக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிற தம்பிகள் காணும் பொங்கல் அன்று காலையில் சமுதாயக் கூடத்துக்கு வந்துவிடுங்கள். கணக்கு நோட்டு, பாஸ்புக், தீர்மானப் புத்தகம் மூன்றையும் எடுத்து வைக்கிறோம், ஒரு வரி விடாமல் பாருங்கள். இளநீர் எங்கள் செலவு. தேங்காய் வேண்டுமென்றால் மட்டும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், விலையில் குறைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள் எல்லோர் சார்பாகவும்,
ஊக்குநர்