இலை ஊதுகிற விஷயமாக

டேய் முரளி,

நாலு மாதமாகப் பதில் போடாதவன் இன்று விழுந்தடித்து எழுதுவதற்குக் காரணம் உன் கடைசி வரிதான்: "தோட்டத்து இலையை ஊதித் தள்ள, சனிக்கிழமை பெட்ரோல் ப்ளோயர் வாங்கப் போறேன்." இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா முழங்கால் அப்படியேதான். நீ முதலில் கிரெடிட் கார்டைக் கீழே வை.

நீ வாங்கப்போவது என்ன தெரியுமா? சக்கரம் இல்லாத டிவிஎஸ் 50. அதே டூ-ஸ்ட்ரோக், அதே புகை, பெட்ரோலில் கலக்குகிற அதே டூ-டி ஆயில் கணக்கு. ஒரு கேலனுக்கு 2.6 அவுன்ஸ், நம் பாஷையில் லிட்டருக்கு 20 மில்லி. எண்ணெய் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேறு மசகு கிடையாது, சில நிமிடங்களில் கீறல் விழுந்து பிடித்துக்கொள்ளும். சித்தப்பா வண்டி திண்டிவனத்தில் நின்றதே, அதுதான்.

இதைக்கூடச் சமாளித்துவிடலாம். உண்மையான வில்லன் உங்கள் ஊர் பங்க்கில் விற்கிற பெட்ரோல். அதில் பத்து சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ட்யூபையும் கார்புரேட்டர் டயஃப்ரத்தையும் விறைக்கவைக்கும். நாள்பட்ட பெட்ரோல் கெட்டுப்போய்ப் பிசினாகி, ஜெட் என்கிற ஊசிமுனை அளவு பெட்ரோல் துளையை அடைக்கும். கலந்த பெட்ரோலுக்கு ஆயுள் ஒரு மாதம் என்று வை. உனக்கு வேலை அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை, ஐந்தாறு சனிக்கிழமை. மீதி பத்து மாதம் அது கராஜில் தூங்கும். அடுத்த அக்டோபரில் நீ கயிற்றை இழுப்பாய், இழுப்பாய், உன் மனைவி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். இதைத் தவிர்க்க ஒவ்வொரு சீசன் முடிவிலும் டேங்க்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் எத்தனால் இல்லாத டப்பா பெட்ரோல். அதில் கால் கேலன் விலைக்குப் பங்க்கில் ஒரு கேலனுக்கு மேலேயே கிடைக்கும். 88 ஆக்டேன் என்று மலிவாகப் போடுவது 15 சதவீத எத்தனால், அதை ஊற்றவே கூடாது.

வாங்கியே தீருவேன் என்றால் இன்னொன்று: ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ரேஸ் ஏறவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழற்றாதே. சைலன்சருக்குள் தீப்பொறி தடுக்க ஒரு சின்னக் கம்பிவலை இருக்கும், கரி அடைத்திருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டாலே பாதி நோய் போய்விடும்.

அக்கம்பக்கமும் இருக்கிறதே. பொட்டோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் நகரில் 2022 ஜனவரி முதல் பெட்ரோல் ப்ளோயருக்குத் தடை. மேரிலாந்து மான்ட்கமரி கவுண்டியில் 2025 ஜூலை முதல் ஓட்டவே கூடாது. நீ ஆற்றுக்கு இந்தப் பக்கம், வர்ஜீனியாவில் இருப்பதால் கடைக்காரன் சிரித்துக்கொண்டே விற்பான்.

இப்போது கொஞ்சம் சீரியஸாகக் கேள். உனக்கு ஏற்கனவே இடது காதில் "கொய்ங்" இருக்கிறது. இந்த மிஷின் ஓட்டுகிறவன் காதருகே நூறு டெசிபலை ஒட்டிப் போகும். அந்தச் சத்தத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான் பாதுகாப்பு என்பது அமெரிக்கத் தொழில் சுகாதாரக் கணக்கு. உனக்கோ ஒன்றரை மணி நேர வேலை. எந்த மிஷின் எடுத்தாலும் காது மஃப் போடாமல் தொடாதே. இதில் கிண்டல் இல்லை.

சரி, வேறு என்ன செய்வது? முப்பது சென்ட் மனைக்கு 56 வோல்ட் பேட்டரி ப்ளோயர் தாராளம். பெட்டியில் "மணிக்கு இத்தனை மைல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதில் மயங்காதே, குழாய் முனையைச் சுருக்கினால் வேகம் தானாக ஏறும். இலையை நகர்த்துவது காற்றின் அளவு. எக்கோ (ECHO) கம்பெனியின் 2520 பெட்ரோல் மாடல் நிமிடத்துக்கு 453 கன அடி. ஈகோ (EGO) என்கிற வேறு கம்பெனியின் பேட்டரி மாடலிலேயே 650 இருக்கிறது. குறையும் உண்டு: முழு வேகத்துக்கான பூஸ்ட் பட்டனை அழுத்தியே பிடித்தால் 5 ஆம்பியர்-அவர் பேட்டரி கால் மணி, இருபது நிமிடத்தில் தீரும். நடு வேகத்தில் ஓட்டு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பூஸ்ட். மழை நனைத்து ஒட்டிக்கிடக்கிற இலையை அது அசைக்கத் திணறும், மத்தியானம் வரை காயவிடு. ஒரு ஏக்கருக்கு மேல், நாள் முழுக்க வேலை என்றால்தான் முதுகில் மாட்டுகிற 60 சிசி பெட்ரோல் மிஷினுக்கு நியாயம்.

ஊதுகிற வேலையையும் பாதியாகக் குறைக்கலாம். புல்லின் மேல் விழுந்த காய்ந்த இலையைக் கூட்டாதே. புல்வெட்டியை மூன்று அங்குல உயரத்தில் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை ஓட்டு. தூளாகி மண்ணில் இறங்கிவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓக், மேப்பிள் இலையை வருஷக்கணக்கில் இப்படி அரைத்துப் பார்த்தார்கள், புல்லுக்குக் கெடுதல் இல்லை. சுவரோரம், டிரைவ்வே, டெக் மட்டும் ப்ளோயருக்கு. வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக, காற்று முதுகில் படும்படி நின்று, தார்ப்பாயின் மேல் ஊதி இழுத்துப் போ.

உன் புல்வெட்டி பேட்டரிதானே? அது என்ன கம்பெனி, எத்தனை வோல்ட் என்று பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் எழுது. அதே பேட்டரி பொருந்தினால் வெறும் ப்ளோயரை மட்டும் வாங்கினால் போதும், விலை பாதிக்குப் பக்கம் குறையும்.

செல்வம்