அப்டேட்டுக்குப் பிறகு படிக்க முடியாமல் போன தமிழ் வரிகள்: டிவி பாக்ஸ் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

மதுரை,
12.02.2025

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவை, டிவி பாக்ஸ் பிரிவு.

பொருள்: அப்டேட்டுக்குப் பின் தமிழ் சப்டைட்டில் சிதைந்து வருவது, மெமரி நிரம்பியது குறித்து.

ஐயா / அம்மையீர், வணக்கம்.

2023 ஆகஸ்டில் 3,499 ரூபாய் கொடுத்து உங்கள் டிவி பாக்ஸை வாங்கினேன். ஒன்றரை வருடம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. போன மாதம் 18-ஆம் தேதி இரவு தானாகவே அப்டேட் ஆனது. மறுநாளிலிருந்து என் அப்பாவுக்கு அது பயன்படாமல் போய்விட்டது. வாரண்டி முடிந்துவிட்டது என்று உங்கள் கஸ்டமர் கேரில் சொல்கிறார்கள். பாக்ஸில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. அதைக் கெடுத்தது நீங்கள் அனுப்பிய மென்பொருள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 78 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காது ரொம்பவே மந்தம். கருவி வாங்கிக் கொடுத்தும் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார். தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். வாரம் ஒரு முறை பேரப்பிள்ளைகள் பேசுவதை, ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்புவாள். அவர்கள் பேசுவது அப்பாவுக்குக் கேட்காது என்பதால், அதை நான் வரி வரியாகத் தமிழில் தட்டச்சு செய்து, எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பாக வீடியோவுடன் பென் டிரைவில் போட்டுத் தருவேன். உங்கள் பாக்ஸில் உள்ள பிளேயரில் அது அழகாக வரும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா அந்த வரிகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே பார்ப்பார். இந்தப் பாக்ஸை நாங்கள் வாங்கியதே அதற்காகத்தான்.

இப்போது அந்த வரிகளைப் படிக்க முடியவில்லை. 'தேன்' என்று நான் எழுதியிருந்தால் முதலில் த, அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பு, அப்புறம் ன் என்று வருகிறது. 'கை' என்ற சொல்லில் சங்கிலிக் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கு' என்ற எழுத்து க-வாகவும் ஒட்டாத ஒரு குறியாகவும் உடைந்து வருகிறது. எழுத்தும் முன்பு இருந்ததில் பாதி அளவுதான். முதல் நாள் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தனக்குப் பார்வையும் போய்விட்டதோ என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு மனது ஆறவில்லை.

கோப்பில் தவறு இருக்கும் என்று உங்கள் ஊழியர் சொன்னார். சரி என்று சோதித்துப் பார்த்தேன். அதே கோப்பு கணினியில் சரியாக வருகிறது, போனில் சரியாக வருகிறது. திருநெல்வேலியில் மைத்துனர் வீட்டில் இதே மாடல் பாக்ஸ் இருக்கிறது, இன்னும் அப்டேட் ஆகவில்லை. அதிலும் சரியாக வருகிறது. அடாப்டரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். மூன்று முறை ரீசெட் செய்யச் சொன்னார்கள், மூன்று முறையும் செய்தேன். ஒவ்வொரு முறையும் எல்லாச் செயலிகளிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருந்ததுதான் மிச்சம்.

காரணம் என்னவென்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில், தமிழைச் சேமிக்கும்போது க, த போன்ற எழுத்து முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின் வரும். திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். தமிழ் 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்ற எழுத்து. இந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற இலவச நிரல் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் பாக்ஸின் செட்டிங்ஸ் பக்கத்தில் தமிழ் இன்றும் பிழையில்லாமல் தெரிகிறது. ஓடிடி செயலிகளின் தமிழ் சப்டைட்டிலும் ஒழுங்காகவே வருகிறது. ஆகவே கோளாறு நீங்கள் புதிதாக மாற்றிய பிளேயரில் மட்டும்தான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்து அனுப்பிவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். பாக்ஸின் அட்டைப்பெட்டியில் 'தமிழ் வசதி உண்டு' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

வேறு பிளேயர் போட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் வழியில்லை. 8 ஜிபி மெமரியில் பெரும்பகுதி ஆண்ட்ராய்டுக்கே போய்விடுகிறது. மீதி இருந்த இடத்தில் இந்த அப்டேட் இரண்டு விளையாட்டுகளையும் ஒரு ஷாப்பிங் செயலியையும் கொண்டுவந்து வைத்திருக்கிறது. அவற்றை அழிக்க பாக்ஸ் விடுவதில்லை. ஒரு சிறிய பிளேயரை இறக்கப் பார்த்தால் 'இடம் போதாது' என்கிறது. முகப்புத் திரையில் மேல் பாதி விளம்பரம். முன்பெல்லாம் ரிமோட்டில் ஓகே பட்டனை அழுத்தினால் பென் டிரைவ் திறக்கும், அப்பாவுக்கு அது பழக்கம். இப்போது அதே பட்டன் விளம்பரத்தைத் திறக்கிறது. நான் அலுவலகத்தில் இருக்கும்போது போன் செய்து, "தம்பி, டிவியில என்னமோ சேலை வருது, எப்படி வெளிய வர்றது?" என்று கேட்கிறார்.

இன்னொன்றும் உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்களில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக எடுக்கப்படுவது. பாக்ஸ் எப்போதும் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை அனுப்பினால், ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்பட்டு, கேமரா மெல்ல நகரும் காட்சிகள் தடுக்கித் தடுக்கி ஓடும். வீடியோவுக்கு ஏற்றபடி இந்த வேகத்தை மாற்றிக்கொள்ளும் அமைப்பு முன்பு செட்டிங்ஸில் இருந்தது, இப்போது காணோம்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பிளேயரில் தமிழைச் சரிசெய்யுங்கள். சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கவும், பின்னால் கறுப்புப் பட்டை வைக்கவும் வசதி கொடுங்கள். வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. எங்களைக் கேட்காமல் வைத்த செயலிகளை அழிக்க அனுமதியுங்கள், ஃபிரேம் அமைப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இதற்கெல்லாம் நாளாகும் என்றால், அதுவரை பழைய மென்பொருளுக்கே திரும்பிப் போக வழி செய்யுங்கள். மைத்துனர் வீட்டில் அது இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதும் தெரியும். ரசீது நகல், உங்கள் ஊழியர்கள் கொடுத்த மூன்று புகார் எண்கள், ஒரே வரி பழைய மென்பொருளிலும் புதிய மென்பொருளிலும் எப்படித் தெரிகிறது என்று எடுத்த புகைப்படங்கள் இரண்டு, நான் தட்டச்சு செய்த எஸ்ஆர்டி கோப்பு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர்கள் அந்தக் கோப்பை வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்