கம்யூனிட்டி காலேஜை மறைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட், கூப்பர்டினோ, சான் ரமோன் பக்கங்களில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்திருக்கும் உங்களுக்கு, அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்த ஒரு தாய் என்ற தகுதியில் மட்டுமே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்ப் பள்ளி விட்டு வரும்போது, கார் கதவைத் திறந்தபடியே ஒரு தோழி, “பையன் எங்கே சேரப் போறான்?” என்று கேட்டார். “இன்னும் முடிவு பண்ணலை” என்றேன். மகன் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் பெயர் பதிந்து அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது. கேட்டவருடைய மூத்த மகள் அதே வழியில் படித்துத்தான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) டேவிஸ் வளாகத்துக்குப் போனாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. அவரும் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

வெட்கப்பட்டு மறைத்ததால் யாரிடமும் வழி கேட்க முடியாமல் போயிற்று. மகன் காலாண்டு முறையில் நடக்கும் ஒரு கல்லூரியில் நுண்கணிதத்தைத் தொடங்கி, இரண்டு பருவம் முடித்தபின், வீட்டுக்கு அருகில் இருக்கிறதே என்று அரையாண்டு முறைக் கல்லூரி ஒன்றுக்கு மாறினான். நான்தான் மாறச் சொன்னேன். பாதியில் விட்ட பாடவரிசை அங்கே எந்த வகுப்போடும் சரியாகப் பொருந்தாததால், படித்ததையே ஒரு பகுதி மீண்டும் படித்து, ஓராண்டு பிந்தித்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. ‘வரிசையை ஒரே கல்லூரியில் முடித்துவிடுங்கள்’ என்று அந்தத் தோழி ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

இந்த வழி யாரோ இரக்கப்பட்டுத் திறந்துவிட்ட பின்வாசல் அன்று. 1960-இல் கலிஃபோர்னியா வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே, சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்தவர்கள் மூன்றாமாண்டில் பல்கலைக்கழகத்துக்கு வருவது ஓர் அங்கமாக வைக்கப்பட்டது. மாநிலத்தில் இன்று 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. அரையாண்டு முறையில் ஒரு யூனிட்டுக்கு (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர் வீதம், பல்கலைக்கழகத்துக்கு மாறத் தேவையான 60 யூனிட்டுக்கும் கல்விக் கட்டணம் 2,760 டாலர்தான். ஆப்பிளில் வேலை பார்ப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நம்மில் எத்தனை பேருக்கு, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் கூப்பர்டினோவின் டி ஆன்சா கல்லூரியில் படித்து, பின்னர் யூசி பெர்க்லிக்குப் போனவர் என்பது நினைவிருக்கிறது?

ஆனால் இதைச் சுலபமான வழி என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். நிபந்தனைகளை நிறைவு செய்தால் இடம் நிச்சயம் என்கிற, ‘டேக்’ எனப்படும் மாறுதல் உத்தரவாதத்தை யூசியின் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களே தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்), சான் டியாகோ ஆகிய மூன்றும் தருவதில்லை. தருகிற ஆறிலும், நம் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக் கேட்கும் கணினி அறிவியலும் பொறியியலும் பல இடங்களில் அந்த உத்தரவாதத்துக்குள் வருவதில்லை. யூசிஎல்ஏவில் மாறுதல் கேட்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது என்றால், கணினி அறிவியலில் பத்தில் ஒருவருக்கு என்பதே அரிது. எனவே பொதுச் சராசரியை வைத்துக் கணக்குப் போடாமல், பிள்ளை கேட்கும் துறையின் கணக்கை மட்டும் பாருங்கள்.

போட்டி மிகுந்த துறைகளில், மதிப்பெண் சராசரிக்கு இணையாக, அந்தத் துறைக்கான அடிப்படைப் பாடங்கள் முடிந்திருக்கின்றனவா என்பதே பார்க்கப்படுகிறது. மாறுதல் விண்ணப்பத்தின் கேள்விகளில் கட்டாயமான ஒன்றும், இந்தத் துறைக்கு உன்னை எப்படித் தயார்படுத்திக்கொண்டாய் என்பதுதான். எந்தக் கல்லூரியின் எந்த வகுப்பு எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை ‘அசிஸ்ட்’ என்ற இணையதளம் இலவசமாகக் காட்டுகிறது. ஒரே துறைக்கு ஒவ்வொரு வளாகமும் வேறு வேறு பட்டியல் கேட்பதால், பிள்ளை விரும்பும் நான்கைந்து வளாகங்களின் தாள்களையும் அச்செடுத்து, எல்லாவற்றிலும் வரும் பாடங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இது முதல் பருவத்துக்குப் பெயர் பதியும் முன் நடக்க வேண்டிய வேலை. எங்கள் வீட்டில் மூன்றாம் பருவத்தில் நடந்தது.

தேதிகளும் அப்படித்தான். உத்தரவாத விண்ணப்பம் செப்டம்பர் மாதத்துக்குள், அதுவும் ஒரே ஒரு வளாகத்துக்கு. முதன்மை விண்ணப்பம் அதன் பிறகு தனியாக. ஜனவரியில் மதிப்பெண்களைப் புதுப்பிக்கும் படிவம் ஒன்று உண்டு. விண்ணப்பம்தான் போய்விட்டதே என்று பலர் அதைக் கவனிக்காமல் விடுகிறார்கள், விடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு முடிவுகள் வந்தபின் யாராவது, “பிள்ளை எங்கே?” என்று கேட்டால், கல்லூரியின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு முடியும்வரை நான் காத்திருப்பு அறையில்தான் உட்கார்ந்திருப்பேன். அச்செடுத்த தாள்களோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். மகனும் மாதம் ஒருமுறை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி